ரகசியம் தின்னும் கரடி

உம்முவுக்கு வாய் உண்டு, பேச்சு கிடையாது. பாலக்காட்டுச் சாலையில், மலையடிவாரத்தில் இருக்கும் அந்தப் பொழுதுபோக்குப் பூங்காவுக்கு வரும் குழந்தைகளில் பாதி ராட்டினத்துக்காக வருகின்றன, மீதிப் பாதி உம்முவுக்காக வருகின்றன. உம்மு ஒரு கரடி. குழந்தை அதன் இடது காதில் ஒரு ரகசியத்தைச் சொல்ல வேண்டும். கரடி அதை மெல்லும், விழுங்கும், வயிற்றைத் தட்டிக் காட்டும். அவ்வளவுதான் விளையாட்டு. தின்ற ரகசியம் வெளியே வராது என்று டிவியில் வரும் உம்மு கார்ட்டூனில் சத்தியம் செய்திருக்கிறார்கள். இதற்காக வெயிலில் வரிசை கட்டி நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால், இந்த ஊர்க் குழந்தைகளுக்கு இவ்வளவு ரகசியமா என்று பெரியவர்களுக்கே கொஞ்சம் பயம் வரும்.

பஸ் தானாக ஓடி, ஓட்டலில் தோசை தானாக வார்க்கப்படும் காலத்தில் கரடிக்குள் மட்டும் எதற்கு ஆள் என்று கேட்கலாம். இயந்திரத்தை வைத்துப் பார்த்தார்கள். குழந்தைகள் காது வரைக்கும் போய்விட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்தன. ஏன் என்று கண்டுபிடிக்க ஒரு குழு போட்டார்கள். குழு ஓர் அறிக்கை கொடுத்தது. அறிக்கையை யாரும் படிக்கவில்லை, பழையபடி ஆளையே வைத்துவிட்டார்கள்.

கோகிலவாணி அந்த ஆள் தேர்வுக்குத்தான் வந்திருந்தாள். கரடியாக வேண்டும் என்று அவளுக்குச் சின்ன வயசிலிருந்து ஆசை ஒன்றும் கிடையாது. கோயம்புத்தூரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் நின்றுகொண்டிருந்தவள் அவள். கண்ணாடியே வாடிக்கையாளருக்குப் புடவை உடுத்திக் காட்டத் தொடங்கியதும், புடவை பிரித்துப் போட ஆள் தேவைப்படவில்லை. வேலை போன சில மாதங்களில் புருஷன் வீட்டையும் விட்டு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கிணத்துக்கடவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஏன் வந்தாள் என்று அண்ணனுக்குத் தெரியும், அண்ணிக்குத் தெரியும், புருஷன் வீட்டாருக்கும் தெரியும். ஆனால் அதைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை.

அண்ணன் கெட்டவர் இல்லை. பொறுமைக்கு ஓர் எல்லை வைத்திருந்தார், அவ்வளவுதான். புருஷன் வீட்டார் வந்து உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போன அன்றைக்கு, "தீபாவளிக்குள்ள உங்கால்ல நிக்கற மாதிரி ஒரு வேலையப் பாரு கோகிலா. இல்லீன்னா போயி அவியகூடவே இரு. மாப்பிள்ளையும் திருந்திட்டேன்னுதான் சொல்றாரு" என்றார். மாப்பிள்ளை திருந்துவது அது முதல் தடவை அல்ல. புரட்டாசி பாதி போய்விட்டது. இந்த வேலை கிடைக்காவிட்டால் மகள் மகிழினியைக் கூட்டிக்கொண்டு அதே வீட்டுக்குத் திரும்ப வேண்டும். கோகிலாவுக்கு நடிப்பு தெரியுமா, நடனம் தெரியுமா என்பதெல்லாம் இதற்குப் பிறகு வரும் கேள்விகள்.

ஒத்திகைக் கூடம் பெரிய தகரக் கொட்டகை. தேர்வை நடத்தியவர் ரூபாவதி. ஐம்பது வயசுக்கு மேலிருக்கும், முழங்காலில் பட்டை கட்டியிருந்தார். பூங்கா திறந்த காலத்தில் முதல் உம்முவாக இருந்தவர் அவர்தான்.

"பாருங்க, மூணே வேலைதான். கேக்கோணும், மெல்லோணும், தட்டோணும்," என்றார் ரூபாவதி. "பேசக் கூடாது. தலையைக் கழட்டக் கூடாது. உங்களுக்கு அழுகை வந்தாலும் சிரிப்பு வந்தாலும் அது உங்க பாடு. கரடிக்கு ஒண்ணும் வரக் கூடாது. சரிங்களா? இப்ப சின்னி வரும்."

சின்னி ஓர் இயந்திரக் குழந்தை. நிஜக் குழந்தையைத் தேர்வு வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று சட்டம் இருப்பதால் இந்த ஏற்பாடு. ஏழு வயசு உயரம், ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத கிராப்பு, ஒரு பக்கம் அவிழ்ந்த ஷூ லேஸ். நடந்து வந்து, கூச்சப்பட்டு நின்று, காலால் தரையைத் தேய்த்து, பிறகு சட்டென்று ஓடிவந்து கரடியின் காதில் வாயை வைக்கும். அது காதில் சொல்வது ரூபாவதியின் மேசையிலிருந்த ஸ்பீக்கரிலும் கேட்கும். ஒவ்வொரு தடவையும் வேறு குரல், வேறு ரகசியம்.

முதலில் போன பையன் நடனப் பள்ளியிலிருந்து வந்தவன். "எங்க தாத்தா செத்துப்போனாரு. எனக்கு அழுகையே வரலை," என்றது சின்னி. பையன் அதை ரசித்து மென்று, இடுப்பை ஆட்டி, வயிற்றில் தாளம் போட்டுக் காட்டினான்.

"தம்பி, அது சொன்னது எழவுச் சேதி. நீ குத்தாட்டம் போடறே," என்றார் ரூபாவதி. பையன் தலையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனான்.

அடுத்து உக்கடத்துக்காரர் சம்சுதீன். லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், லாரி தானாக ஓடத் தொடங்கியபோது இறங்கியவர். நல்ல ஆகிருதி. அவர் குனிந்தார், கேட்டார், மென்றார், ஒரே ஒரு தட்டுத் தட்டினார். ரூபாவதி தலையசைத்தார். சம்சுதீன் வெளியே வந்து வியர்வையைத் துடைத்தபடி, "ஒண்ணுமில்ல அம்மணி. கிளீனர் பையன் பேசறதக் கேட்டுட்டே வண்டி ஓட்டுவமே, அது மாதிரித்தான். தைரியமாப் போங்க," என்று கோகிலாவிடம் சொன்னார்.

கரடிக்குள் எலுமிச்சை வாசனை அடித்து வைத்திருந்தார்கள். அதற்கு அடியில் முந்தின ஆள்களின் வியர்வை இருந்தது. முதுகுப் பக்கம் ஒரு சின்ன மின்விசிறி ஓடியது. வாய் வலை வழியாகப் பார்த்தால் உலகம் ஜன்னல் கம்பி இடுக்கு அளவுக்குத்தான் தெரிந்தது. கோகிலாவுக்கு அது ஒன்றும் புதிதாக இல்லை. நாள் முழுக்க நின்று பழகிய கால்கள் அவளுடையவை. அது கடையில் கற்றது. மூச்சுச் சத்தம்கூடக் கேட்காமல், முகத்தில் எதுவும் காட்டாமல் நிற்பதை வீட்டில் கற்றிருந்தாள்.

சின்னி ஓடிவந்தது. "டிபன் பாக்ஸ்ல இருந்த பாகற்காயை பஸ் ஜன்னல் வழியா எறிஞ்சுட்டேன்."

கரடி மெல்ல ஆரம்பித்து, கசப்புத் தாங்காமல் நின்று, பிறகு வேறு வழியில்லாமல் விழுங்கியது. ரூபாவதி சிரித்துவிட்டார்.

"எனக்கு எந் தங்கச்சியைப் புடிக்காது. அவ தூங்கறப்ப மட்டும் புடிக்கும்."

கரடி அதை மெதுவாக மென்று ஒரு தட்டுத் தட்டியது.

மூன்றாவது தடவையும் சின்னி ஓடிவந்தது. கரடியின் காது ரோமத்தைக் கையில் பிடித்து முறுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றது. பிறகு சொன்னது.

"அப்பா வந்தா நான் டிவி சவுண்டைக் கூட்டி வெச்சுருவேன். அம்மா அழுகறது பக்கத்து வீட்டுக்குக் கேக்கக் கூடாதுல்ல."

கோகிலாவின் புருஷன் வீட்டிலும் டிவி அலறும். எப்போதெல்லாம் அலற வேண்டுமோ சரியாக அப்போதெல்லாம் அலறும். நடுக்கூடத்தில் மகிழினி சம்மணம் போட்டு உட்கார்ந்து உம்மு கார்ட்டூனைப் பார்த்துக்கொண்டிருப்பாள், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். இங்கே இவ்வளவு நடக்கிறது, இந்தப் பிள்ளைக்குக் கார்ட்டூன் கேட்கிறதே என்று கோகிலா பல தடவை மனசுக்குள் நொந்திருக்கிறாள். ஒரு நாள், "காது என்ன செவுடாடீ உனக்கு?" என்று முதுகில் ஒன்று வைத்தும் இருக்கிறாள். இப்போது அந்தக் கையை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அது கரடியின் கைக்குள் இருந்தது.

கரடி அசையாமல் நின்றது. பிறகு மென்றது. நிறைய நேரம் மென்றது. விழுங்கியது. வயிற்றை ஒரு தடவை தட்டியது.

"இவங்க போதும்," என்றார் ரூபாவதி. "திங்கக்கிழமை வந்துருங்க."

வேலை கிடைத்துவிட்டது. நியாயமாக அவள் அந்த நிமிஷமே பஸ் ஏறி அண்ணனுக்குச் சேதி சொல்லியிருக்க வேண்டும். பதிலாக, கூடத்தின் பின்பக்க அறைக்குப் போனாள். அங்கே நவநீதன் என்ற இளைஞன் சின்னியை ஸ்டூலில் உட்கார்த்தி வைத்து, அதன் உள்ளங்கையை ஸ்பிரிட்டால் துடைத்துக்கொண்டிருந்தான். சின்னியைப் பேச வைத்த இன்ஜினியர்களில் ஒருவன், சென்னைப் பையன்.

"ஏனுங் தம்பி, இது பேசறதுக்கெல்லாம் யாருங் எழுதிக் குடுக்கறது?"

"யாரும் எழுதல மேடம். எல்லாம் குழந்தைங்க சொன்னதுதான். உள்ள இருக்கிறவங்களுக்குக் கேக்கணும்னு உம்மு காதுல மைக் வெச்சிருக்கோம்ல, அது வழியா வர்றதைக் கேட்டுக் கேட்டு இது பேசக் கத்துக்கிச்சு."

"வெளிய வராதுன்னு சொல்லித்தானுங் சொல்ல வெக்கறீங்க?"

"டிக்கெட் வாங்கும்போது சம்மதம்னு ஒரு பட்டனைத் தட்டுறாங்களே, அதுல எல்லாம் இருக்கு மேடம்."

கோகிலாவும் தட்டியவள்தான். போன வருஷம் மே மாச விடுமுறையில் மகிழினியைக் கூட்டிக்கொண்டு வந்தபோது, பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்த, படிக்காமல் தட்டினாள். மகள் கரடியின் காதில் நீளமாக எதையோ சொல்லிவிட்டு வந்தாள். என்ன சொன்னாய் என்று கேட்டதற்கு வாயைத் திறக்கவில்லை.

"தம்பி, அந்த டிவிக் கதை எம் புள்ள சொன்னதுங்," என்றாள் கோகிலா. "அது எங்கூட்டுக் கதைங். அதை இதுக்குள்ள இருந்து எடுத்துப்போடுங்க. வர்றவன் போறவன் காதுக்கெல்லாம் எம் புள்ள கதை போகோணுமா? நீங்களும் அக்கா தங்கச்சியோட பொறந்தவர்தானுங்களே."

நவநீதன் துடைப்பதை நிறுத்தினான். நல்ல மனசுக்காரன். அவளை ஒரு நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, ஆறுதலாகப் பேசினான்.

"மேடம், நீங்க கவலையே படாதீங்க. அது உங்க பொண்ணு சொன்னதா இருக்கவே முடியாது. அதாவது, உங்க பொண்ணு மட்டும் சொன்னதா இருக்க முடியாது. தனி ஆளோட விஷயம் வெளிய வரக் கூடாதுன்னு கடுமையான சட்டம் இருக்கு. ஒரு விஷயத்தைக் குறைஞ்சது ஐம்பது குழந்தைங்களாவது சொல்லியிருந்தாத்தான் அது சின்னி மனசுல நிக்கும். நாப்பத்தொம்பது பேர் சொன்னாக்கூட அழிஞ்சிரும். ஒரு வீட்டுக் கதை எந்தக் காலத்துலயும் வராது. அந்த விஷயத்துல நாங்க ரொம்பக் கறார்."

கோகிலாவுக்கு மூச்சு வந்தது. அப்பாடா, மகள் பெயர் கெடவில்லை. அந்த நிம்மதி ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கும் நேரம் இருந்தது. பிறகுதான் அவன் சொன்ன எண்ணிக்கை அவளுக்கு உறைத்தது.

"அம்பதுங்களா?"

"குறைஞ்சது."

"அப்ப நெசமாலுமே அம்பது ஊட்டுல புள்ளைங்க எந்திரிச்சுப் போயி டிவி சவுண்டக் கூட்டி வெக்குதுங்களா?"

நவநீதன் ஸ்பிரிட் பாட்டிலை மூடினான். அந்த எண்ணை இத்தனை நாளும் அவன் ஒரு பூட்டாகத்தான் பார்த்திருந்தான். பூட்டுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது அவன் வேலையில் சேரவில்லை.

"அது எந்தெந்தப் புள்ளைங்கன்னு தெரியுங்களா?"

"தெரியாது மேடம். தெரிஞ்சா அதுதான் சட்டப்படி குத்தம்."

"இன்னும் அம்பது புள்ளைங்க வந்து சொன்னா?"

"சொன்னா..." அவன் சின்னியின் கையைப் பார்த்தான். "இது இன்னும் தெளிவாப் பேசும்."

கூடத்திலிருந்து ரூபாவதி, கரடி உடைக்கு அளவெடுக்க வேண்டும் வாருங்கள் என்று கூப்பிட்டார். கோகிலா எழுந்து போனாள். சண்டை போட்டிருக்கலாம். போட்டிருந்தால் அந்த வேலை அத்துடன் முடிந்திருக்கும், தீபாவளிக்கு அவள் எந்த வீட்டில் விளக்கு வைத்திருப்பாள் என்பதும் அவளுக்குத் தெரியும். கையை அகலமாக விரித்து அளவு கொடுத்தாள்.

கரடிக்குள் யார் இருக்கிறார்கள் என்பதைச் சொந்த வீட்டிலும் சொல்லக் கூடாது என்பது பூங்காவின் விதி. அதனால் பார்க்கில் வேலை என்று மட்டும் சொன்னாள். அண்ணனுக்குச் சந்தோஷம், அண்ணிக்கு அதைவிடச் சந்தோஷம். மகிழினி மட்டும் ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, நீ உம்முவைப் பாப்பியா?"

"பாப்பேன் சாமி."

"அப்ப அதுகிட்ட ஒண்ணு சொல்லிரு. நான் முன்னால ஒண்ணு சொன்னேன்ல, அதைத் துப்பிரச் சொல்லு. அப்படி இப்ப நடக்கறதில்லீல்ல. சும்மா உள்ளயே கெடந்தா பாவம், அதுக்கு வயிறு வலிக்கும்."

"சொல்றேன் சாமி," என்று சொல்லிவிட்டு கோகிலா முகத்தைத் திருப்பிக்கொண்டு காய்ந்த துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். அடி வாங்கிய காலத்தில்கூட அவளுக்குப் புருஷன் மேல் பயம்தான் இருந்தது, கொஞ்சம் பரிதாபமும் இருந்தது. அன்றைக்குத்தான் முழுசாக வெறுத்தாள்.

வேலை பிடித்துப்போனது. உம்மு ஒன்றல்ல, பலர். ஒருவர் மாற்றி ஒருவர் உள்ளே இறங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆள் குறைந்தால் ரூபாவதியே முழங்கால் பட்டையை இறுக்கிக்கொண்டு இறங்கிவிடுவார். ஒருவரோடு ஒருவர் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவார்கள், விசிறி ஓடாததைப் பற்றிப் பேசுவார்கள், சம்சுதீன் பிரியாணி கொண்டுவந்தால் அதைப் பற்றிப் பேசுவார்கள். காதில் விழுந்ததைப் பற்றி யாரும் பேசியதில்லை. அது எழுதாத விதி.

கார்த்திகை மாசத்தில் ஒரு பையன் வந்தான். முன்பல் விழுந்திருந்தது. கரடியின் காதில், காற்று கலந்த குரலில், டிவியின் சத்தத்தைக் கூட்டுவதைப் பற்றிச் சொன்னான். ஸ்பீக்கர் இல்லை, சின்னி இல்லை. உயிருள்ள வாய், சூடான மூச்சு.

கரடி மென்றது, விழுங்கியது, தட்டியது. பையனின் அம்மா கயிற்றுக்கு அந்தப் பக்கம் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். நல்ல சுடிதார், தலை நிறையக் கனகாம்பரம், வாய் நிறையச் சிரிப்பு. எங்கும் ஒரு காயம் கிடையாது. கோகிலாவுக்கும் வெளியே தெரிகிற இடத்தில் இருந்ததில்லை.

கரடி கயிற்றைத் தாண்டிப் போய் அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்தது. கூட்டம் கைதட்டிச் சிரித்தது. அவள் காதோரம் கரடி பேசியது.

"ஏனுங், திரும்பாதீங்க, சிரிச்சுட்டே இருங்க. உங்க பையனுக்கு எல்லாம் தெரியுமுங். நீங்க அழுகறது வெளிய கேக்கக் கூடாதுன்னு அவன்தான் டிவிய அலற விடறான். நானும் அப்படி ஒருத்தன்கிட்ட இருந்து வெளிய வந்தவதானுங். வர முடியுமுங்."

கரடியின் முதுகு ரோமத்தைப் பிடித்திருந்த அந்தப் பெண்ணின் கை இறுகியது, சீக்கிரம் விடவில்லை. பிறகு விட்டாள். பையனைக் கையில் பிடித்துக்கொண்டு ராட்டினப் பக்கம் போனாள். பையன் மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையைக் கோகிலாவால் விழுங்க முடியவில்லை. அவன் நம்பிச் சொன்னதை அவள் சொல்லிவிட்டாள். சொல்லாமல் இருந்திருந்தால் அவன் நம்பிக்கை பிழைத்திருக்கும், ஆனால் அதனால் அவனுக்கு என்ன மிச்சம்? இதற்கு அவளுக்கு விடை கிடைக்கவில்லை. கேட்டால் சொல்லவும் அவளுக்கு யாரும் இல்லை.

அதற்குப் பிறகும் அவள் சில தடவை அப்படிச் செய்தாள். தைரியம் வந்த அன்றைக்கு மட்டும் செய்தாள். ஒருத்தி, "உன் சோலியப் பாத்துட்டுப் போ," என்று கரடியைத் தள்ளிவிட்டாள். ஒருத்தி சத்தமில்லாமல் அழுதாள், மற்றவர்கள் அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார்கள். யார் என்ன ஆனார்கள் என்று தெரியாது. அடுத்த தேர்வு வரும் வரைக்கும் எல்லாம் சேர்த்தால் இரண்டு கை விரல்களுக்குள் அடங்கிவிடும்.

அடுத்த தேர்வு மறுவருஷம் ஆவணியில் வந்தது. பழைய உம்முக்கள் எல்லோரும் கூடத்துக்கு வந்திருந்தார்கள், புதியவர்களுக்குச் செய்து காட்ட. சம்சுதீன் கரடிக்குள் இருந்தார். மற்றவர்கள் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள், கோகிலாவும் அவர்களோடு. நவநீதன் சின்னியைக் கொண்டுவந்து விட்டான். அது கூச்சப்பட்டது, தரையைத் தேய்த்தது, ஓடிப்போய்க் கரடியின் காதில் வாயை வைத்தது. ஸ்பீக்கரில் கேட்டது.

"உம்மு, நீ எங்கம்மாகிட்டச் சொல்லிட்டே."

சம்சுதீன் மெல்லவில்லை. குனிந்தது குனிந்தபடி நின்றார்.

புதியவர்களில் ஒரு பெண், "அப்புறம் என்னங்க சொல்லும்?" என்று கேட்டாள்.

"அவ்வளவுதாங்க," என்றான் நவநீதன். "போன வாரம்தான் முதல் தடவையா இதைச் சொல்லிச்சு. அதுக்கு மேல ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு மாதிரி சொல்லியிருக்கும் போல. திட்டியிருக்கலாம், தேங்க்ஸ் சொல்லியிருக்கலாம். அதெல்லாம் நிக்கல. ஐம்பது பேர் ஒத்துப்போனது இது வரைக்கும்தான்."

கோகிலா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மாட்டிக்கொண்டோம், வேலை போயிற்று என்பதுதான் முதலில் தோன்றியது. அண்ணன் முகம் நினைவுக்கு வந்தது. பிறகு அவளையறியாமல் மனசு கணக்குப் போட்டது. முன்பல் விழுந்த பையன், கண்ணாடி போட்ட பெண், இரட்டையர்கள். எப்படிக் கூட்டினாலும் அவள் கணக்கு பத்தைத் தாண்டவில்லை.

சின்னி ஐம்பதுக்குக் கீழே எதையும் சொல்லாது.

அவள் மெதுவாகத் தலையைத் திருப்பி, சுவரோரம் இருந்த உம்முக்களின் வரிசையைப் பார்த்தாள். ஒருவன் அவிழாத ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். ஒருத்தி கூரைத் தகரத்தில் எதையோ படிப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி கண்ணை மூடியிருந்தாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"அதான் மேடம் எனக்குப் புரியல," என்றான் நவநீதன் ரூபாவதியைப் பார்த்து. "உம்மு பேசாதே. அப்ப உள்ள இருக்கிறவங்க யாரோ..."

ரூபாவதி தண்ணீர் பாட்டிலைத் திறந்து நிதானமாகக் குடித்தார். மூடியைத் திருகினார். ஸ்பீக்கரை அணைத்தார்.

"கொழந்தைங்க நூறு சொல்லும் தம்பி. நீங்க மொதல்ல அந்த விசிறி ஓடுதான்னு பாருங்க, ஆளு உள்ள வேகறாரு," என்றார். பிறகு கரடியைப் பார்த்து, "சம்சு, மெல்லுங்க," என்றார்.

கரடி வாயை அசைத்தது. விழுங்கியது. வயிற்றை ஒரு தட்டுத் தட்டியது.

"பாத்துக்கிட்டீங்களா?" என்று ரூபாவதி புதியவர்களிடம் கேட்டார். "இப்படித்தான் செய்யோணும்."